எங்க வீட்டு எம்.பி.பி.எஸ்.

உங்க வீட்ல எம்.பி.பி.எஸ். யாராவது இருக்காங்களா? எங்க வீட்ல 2008-ல ரெண்டு எம்.பி.பி.எஸ். இருந்துச்சு. டாக்டர் இல்ல பாஸ், இன்டர்நெட்!

"ரெண்டு எம்.பி.பி.எஸ். ஸ்பீடுப்பா, சும்மா பறக்கும்"னு நான் சொன்னதும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டார். "நீ படிக்கிறது இன்ஜினீயரிங்தானப்பா? இதுல டாக்டர் எங்க வந்தான்?" நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா அதுக்கப்புறம் அவர் விண்ணப்ப ஃபாரத்தை ஒவ்வொரு எழுத்தா படிச்சுட்டு, விரலை ஒரு இடத்துல வச்சுக் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல.

"இதுல 'அப் டு'னு போட்டிருக்கானே... ரெண்டு வரைக்கும்னா, அரை குடுத்தாலும் நாம கேக்க முடியாதே?"

அப்பா விருதுநகர்ல ஒரு பருப்பு மண்டியில கணக்குப்பிள்ளை. மூட்டை வந்து இறங்கினா எடை போடுறது, சாக்கு எடையைக் கழிக்கிறது, மிச்சத்துக்கு ரேட் போடுறதுன்னு முப்பது வருஷம் ஓட்டினவர். கம்ப்யூட்டர் அவருக்கு ஆன் பண்ணக்கூடத் தெரியாது. ஆனா இந்த பிராட்பேண்ட் விஷயத்துல எங்க காலேஜ்ல எவனும் கேக்காத கேள்வியை அவர்தான் முதல்ல கேட்டார். இந்தக் கட்டுரையில நான் சொல்லப்போறதுல பாதி அவர்கிட்ட கத்துக்கிட்டது. மீதிப் பாதிக்கு 1,708 ரூபாய் ஃபீஸ் கட்டியிருக்கோம். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

அதுக்கு முன்னாடி எங்களுக்கு நெட்டுன்னா பிரவுசிங் சென்டர்தான். மணிக்கு 20 ரூபாய். பலகை தடுப்பு போட்ட கேபின்ல மூணு பேர் ஒரே நாற்காலியில ஒட்டிக்கிட்டு உக்காந்து, செமஸ்டர் ரிசல்ட் பக்கம் திறக்குறதுக்குள்ள வேர்த்து வழிஞ்சு... உங்களுக்கு அந்தச் சுகம் எல்லாம் கிடைக்கல, விடுங்க. 'மூணாம் வருஷம் வந்தாச்சு, ப்ராஜெக்ட்டுக்கு நெட் இல்லாம முடியாது'ன்னு ஆறு மாசம் அம்மா மூலமா மனு போட்டு, 2008 பொங்கல் முடிஞ்ச கையோட வீட்டுக்கு கனெக்‌ஷன் வந்துச்சு. மாசம் 500 ரூபாய். அப்பா சம்பளம் அப்ப 4,800. கணக்கைப் போட்டுக்கோங்க.

வந்த அன்னிக்கு நான் பண்ணின அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. 'பிராட்பேண்ட்'னு சொல்லிக்கிறதுக்கு 256 கே.பி.பி.எஸ். இருந்தா போதும்னு 2004-லயே மத்திய அரசு ஒரு கொள்கை போட்டு வச்சிருந்துச்சு. நம்மகிட்ட அதைப்போல எட்டு மடங்கு! தெருவுல நடக்கும்போதே தலை கொஞ்சம் மேல தூக்கித்தான் இருந்துச்சு.

முதல் டவுன்லோடைப் போட்டேன். பெட்டியில வந்த நம்பரைப் பார்த்ததும் தூக்கின தலை தொங்கிப்போச்சு. விநாடிக்கு 210 கே.பி.! ரெண்டாயிரம் எங்க, 210 எங்க? பத்துல ஒரு பங்குதான் தர்றாங்க, நம்மை ஏமாத்திட்டாங்கன்னு ஃபோனைப் போட்டுக் கத்தினேன். மறுநாள் லைன்மேன் அண்ணாச்சி சைக்கிள்ல வந்தார். வயசானவர். மோடத்துல எரியுற லைட்டை எல்லாம் பார்த்துட்டு, அம்மா குடுத்த டீயை ஊதி ஊதிக் குடிச்சுட்டு, நிதானமாச் சொன்னார்.

"தம்பி, நாங்க விக்கிறது பிட்டு. உங்க கம்ப்யூட்டர் காட்டுறது பைட்டு. எட்டு பிட்டு சேர்ந்தாத்தான் ஒரு பைட்டு."

பரீட்சை ஹால்ல சாக்ஸுக்குள்ள போற பிட்டு இல்ல மக்களே, இது வேற. கம்பெனிக்காரங்க வேகத்தை எப்பவும் பிட்டுல சொல்வாங்க, ஃபைலோட அளவை எல்லாரும் பைட்டுல சொல்வாங்க. 2 எம்.பி.பி.எஸ்.ஸை எட்டால வகுத்தா 250 கே.பி. சரி, அப்ப 250 வரணுமே, 210-தானே வருது? அங்கதான் அப்பா குறுக்க புகுந்தார். "மூட்டையோட நிறுத்தா சாக்கும் சேர்ந்துதான நிக்கும்?"

லைன்மேன் அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழ வச்சுட்டார். "அதேதான் அண்ணாச்சி!"

நிஜமாவே அதேதான். நீங்க இறக்குற ஃபைல் ஒரே தண்ணியா குழாயில கொட்டுறதில்ல. குட்டிக் குட்டி மூட்டையாக் கட்டி வருது. ஒவ்வொரு மூட்டை மேலயும் 'எங்க இருந்து, எங்க, எத்தனாவது மூட்டை'னு விலாசம் எழுதியிருக்கும். அந்த விலாசச் சீட்டும் அதே ரோட்டுலதான் வரணும். அப்ப இருந்த டெலிஃபோன் ஒயர் பிராட்பேண்ட்ல, 53 பைட் வந்தா அதுல 5 பைட் வெறும் விலாசம்தான்! அதுக்கு மேல மத்த அடுக்குகளோட விலாசங்கள் வேற. எல்லாம் கழிச்சா 210 வந்ததே நல்ல லைன்னுதான் அர்த்தம். நான் ஃபோன்ல கத்தினது வேஸ்ட்.

அண்ணாச்சி போகும்போது இன்னொண்ணும் கண்டுபிடிச்சார். சமையல்கட்டுல இருந்த பேரலல் ஃபோனுக்கு ஃபில்டர் மாட்டல. பெரியம்மா ஃபோன் பண்ணும்போதெல்லாம் நெட் கட் ஆனதோட ரகசியம் அதுதான். பேச்சும் நெட்டும் ஒரே செப்புக் கம்பியில வேற வேற அலைவரிசையில ஓடுது. நடுவுல ஃபில்டர்ங்கிற குட்டி டப்பா இல்லேன்னா ரெண்டும் முட்டிக்கும். எக்ஸ்சேஞ்ச் தூரமானா வேகம் குறையும். கேபிள் குழிக்குள்ள மழைத் தண்ணி போனா இரைச்சல் ஏறும். 'அப் டு'ங்கிற ரெண்டு வார்த்தைக்குள்ள இத்தனை விஷயம் ஒளிஞ்சிருக்கு.

ஒரு ரெண்டு வாரம் ஜாலியாப் போச்சு. ஜனவரி 30-ம் தேதியில இருந்து நெட் நொண்ட ஆரம்பிச்சுது. மோடம்ல லைட் எல்லாம் ஒழுங்கா எரியுது. சில பக்கம் பட்டுனு திறக்குது. வெளிநாட்டு சைட்டுனா மட்டும் 'முடிஞ்சா வர்றேன்'ங்குது. நான் மறுபடி லைன்மேன் அண்ணாச்சி மேல பாய்ஞ்சேன். அவர் பாவம், வந்து ஒயரைக் கழற்றி, துடைச்சு, மாட்டி, உதட்டைப் பிதுக்கிட்டுப் போனார். அப்புறம் பேப்பர்ல நியூஸ் வந்துச்சு... எகிப்துல அலெக்சாண்ட்ரியா பக்கத்துல கடலுக்கடியில போற ரெண்டு பெரிய கேபிள் அறுந்துபோச்சாம். விருதுநகர்ல ஒருத்தன் பக்கம் திறக்கலையேன்னு எங்க வீட்டு ஃபில்டரைத் திட்டிக்கிட்டு இருக்கான், காரணம் மத்தியதரைக் கடலுக்கடியில!

அன்னிக்குப் புரிஞ்சது இது: நம்ம பிளான்ல எழுதியிருக்கிற வேகம் நம்ம வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவுல உள்ள ரோட்டோட அகலம் மட்டும்தான். அதைத் தாண்டி மெயின் ரோட்டுல ஜாம் இருந்தா, நம்ம சந்து எவ்வளவு அகலமா இருந்து என்ன பண்ண? இப்பவும் ஸ்பீடு டெஸ்ட்ல 100 காட்டுது, ஃபைல் இறங்கலைனு புலம்புறவங்க இதை யோசிக்கணும். அந்த டெஸ்ட் பெரும்பாலும் உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற சர்வர்கூடத்தான் பேசுது. நீங்க கேக்குற ஃபைல் அமெரிக்காவுல ஒரு மூச்சு வாங்குற சர்வர்ல இருக்கலாம்.

சரி, வேகத்தைப் பேசியாச்சு. இனிமேல்தான் வில்லன் என்ட்ரி. லிமிட்!

500 ரூபாய்க்கு மாசம் ஒண்ணரை ஜி.பி. நாளைக்கு இல்ல பாஸ், மாசத்துக்கு! தாண்டினா எம்.பி.க்கு 80 காசு. கேக்க சின்னத் தொகைதான். ஆனா அப்பா ஒரு ராத்திரி பென்சிலும் மண்டி துண்டுச் சீட்டுமா உக்காந்துட்டார். "விநாடிக்கு 250 கே.பி.னா, ஒண்ணரை ஜி.பி. எத்தனை நேரத்துல தீரும்?" நான் கால்குலேட்டரைத் தேடுறதுக்குள்ள அவரே போட்டு முடிச்சார். ஆறாயிரம் விநாடி. ஒரு மணி நாற்பது நிமிஷம்.

அதாவது முப்பது நாளைக்கு வாங்கின நெட்டு, முழு வேகத்துல ஓட விட்டா, தியேட்டர்ல ஒரு படம் முடியுறதுக்குள்ள காலி! "பெரிய குழாயை மாட்டிட்டு குடத்தைச் சின்னதாக் குடுத்திருக்கான்"னார். வேகம் ஏற ஏற லிமிட் சீக்கிரம் தீரும்ங்கிற இந்தச் சின்னக் கணக்கு எந்த விளம்பரத்துலயும் வராது.

ஆனா அந்தப் பிளான்ல ஒரு வாசல் திறந்திருந்துச்சு. ராத்திரி 2 மணியில இருந்து காலையில 8 மணி வரைக்கும் எவ்வளவு இறக்கினாலும் கணக்குல வராது. நைட் அன்லிமிடெட்! அந்தக் காலத்துல தமிழ்நாட்டுல ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சவங்கள்ல பாலுக்குப் போறவங்களை விட இன்ஜினீயரிங் பசங்கதான் அதிகமா இருந்திருப்பாங்கன்னு என் சந்தேகம். தலையணைக்கு அடியில ஃபோன் வைப்ரேஷன்ல இருக்கும். இருட்டுல தட்டுத்தடுமாறிப் போய் மோடத்தை ஆன் பண்ணி, டவுன்லோட் மேனேஜர்ல வரிசையாப் போட்டுவிட்டு, சத்தம் இல்லாம வந்து படுத்துடணும். நடுவுல கரன்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து இறக்கும்ங்கிறதால டவுன்லோட் மேனேஜர்தான் எங்களுக்குக் குலதெய்வம்.

காலேஜ்ல எனக்கு மவுசு ஏறிப்போச்சு. ஹாஸ்டல் பசங்க சீட்டுல எழுதிக் குடுப்பாங்க. லினக்ஸ் சிடி ஒண்ணு, அந்த டுட்டோரியல் ஒண்ணு, இந்த கம்பைலர் ஒண்ணுன்னு. அந்த ஏப்ரல்ல உபுண்டு 8.04 வந்தப்ப கிட்டத்தட்ட 700 எம்.பி. சிடி ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடுச்சு. பழைய 256 வேகமா இருந்தா அதுக்கே ஏழு மணி நேரம் ஆகியிருக்கும், எட்டு மணி வாசல் மூடிடும். (நெட் இல்லாதவங்களுக்கு உபுண்டுகாரங்க அப்ப தபால்லயே இலவசமா சிடி அனுப்புவாங்க. 2011-ல நிறுத்திட்டாங்க. தபால்காரர் குடுத்த அந்தக் கவரை இன்னும் வச்சிருக்கிற ஆளுங்க எனக்குத் தெரியும்.)

மதிய தூக்கம் கிளாஸ்ல, கண்ணுக்குக் கீழ கறுப்பு, அம்மா 'பையனுக்கு ஏதோ காத்து கருப்பு'ன்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்ட கதை எல்லாம் தனி. முதல் நாலு மாசம் எல்லாம் சுபமாத்தான் போச்சு. ரெண்டு மணிக்குப் போடுவேன். 7.50-க்கு கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகுற மாதிரி செட் பண்ணிடுவேன். 7 மணிக்கு காலேஜ் பஸ்ஸைப் புடிக்க ஓடிடுவேன். பக்கா சிஸ்டம்.

மே மாசம் 24-ம் தேதி ராத்திரி. லீவுதான், ஆனா இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு மதுரைக்குப் போயிட்டு இருந்தேன். சாயங்காலம் மூணு மணி நேரம் கரன்ட் இல்ல. அந்த வருஷம் தமிழ்நாட்டுல பவர் கட் எப்படி இருந்துச்சுன்னு உங்க அண்ணன், அக்காகிட்ட கேளுங்க. ரெண்டு மணிக்கு வழக்கம்போல எந்திரிச்சேன். வரிசையில ஒரு லினக்ஸ் டிவிடி, அது பின்னாடி இன்னும் அஞ்சாறு ஐட்டம். 7.50 ஷட்டவுன். மானிட்டரை ஆஃப் பண்ணிட்டுப் படுத்துட்டேன். காலையில கிளம்பிட்டேன்.

கம்ப்யூட்டர் மதர்போர்டுல ரெண்டு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? கரன்ட் இல்லாத நேரத்துல கடிகாரத்தை ஓட்டுறது அதுதான். எங்களோடது செகண்ட் ஹேண்ட் மெஷின். அந்தப் பேட்டரி சாகக் கிடந்திருக்கு. கரன்ட் போன மூணு மணி நேரமும் கடிகாரம் அப்படியே நின்னிருக்கு. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சேன். கம்ப்யூட்டர் அதோட கடிகாரத்தைப் பார்த்து 7.50-க்கு ஆஃப் ஆச்சு. அப்ப ஊர் நேரம் 10.50!

எட்டு மணியில இருந்து ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல, விநாடிக்கு 210 கே.பி. வீதம் 2.1 ஜி.பி. உள்ள வந்திருக்கு. அம்மா அந்த ரூம்லயே உக்காந்து காய் நறுக்கியிருக்காங்க. மானிட்டர் கறுப்பா இருந்ததால 'ஆஃப்ல இருக்கு'ன்னு நினைச்சுட்டாங்க. ஏற்கெனவே அந்த மாசம் 1.3 ஜி.பி. தீர்த்திருந்தேன். அப்ப லிமிட் முடிஞ்சா எஸ்.எம்.எஸ். எல்லாம் வராது. பில்தான் வரும்.

பில் வந்துச்சு. வழக்கமா 704 ரூபாய். அந்த மாசம் 2,412.

கவரைப் பிரிச்சது அப்பா. நான் வாசல்ல செருப்பைக் கழற்றிக்கிட்டு இருந்தேன். அவர் ஒண்ணுமே சொல்லல. பில்லை டேபிள்ல வச்சு, பென்சிலை எடுத்துக்கிட்டு, "வா, உக்காரு. இதை எப்படிப் போட்டிருக்கான்னு சொல்லு"ன்னார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். கூடுதல் 1,900 எம்.பி. இன்டூ 80 காசு, 1,520. அதுக்கு வரி 12.36 சதவீதம். மொத்தம் 1,708 கூடுதல். ரெண்டு தடவை சரிபார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு"ன்னார். அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் அம்மா சொல்லித்தான் தெரிஞ்சது. முப்பது வருஷத்துல முதல் தடவையா முதலாளிகிட்ட முன்பணம் கேட்டிருக்கார். எதுக்குன்னு கேட்டதுக்கு 'பையன் படிப்புச் செலவு'ன்னு சொன்னாராம்.

எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ரெண்டு மணிக்கு ஃபோன் வைப்ரேட் ஆச்சு. அமுக்கி வச்சுட்டேன். அந்த வாரத்துல இருந்தே ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலங்கள்லயும் ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்தேன். மாசம் 600 ரூபாய். மூணு மாசம் அப்படியே அப்பா கையில குடுத்தேன். அவர் வேணாம்னு சொல்லல. வாங்கி, எண்ணி, நோட்டுல வரவு வச்சார். மூணாவது மாசம் 92 ரூபாயைத் திருப்பிக் குடுத்தார். "கூட வந்திருக்கு."

பேட்டரி விலை? இருபத்தஞ்சு ரூபாய்.

அந்த நோட்டு அதோட நிக்கல. 'நெட் கணக்கு'ன்னு அட்டையில எழுதி, தினமும் ராத்திரி அன்னிக்கு எவ்வளவு ஓடிச்சுன்னு எனக்கிட்ட கேட்டு எழுத ஆரம்பிச்சார். மோடத்தோட பக்கத்துக்குள்ள போனா எவ்வளவு உள்ள வந்துச்சு, எவ்வளவு வெளிய போச்சுன்னு காட்டும். ரெண்டையும் கூட்டணும், ஏன்னா எங்க பிளான்ல அப்லோடும் கணக்குல சேரும். டோரன்ட் போட்ட நிறைய பேர் இது தெரியாமத்தான் மாட்டினாங்க.

அப்புறம் காலம் ஓடிருச்சு. நான் வேலைக்கு வந்தேன். எம்.பி.க்கு 80 காசு போய், லிமிட் தாண்டினா வேகத்தைக் குறைக்கிற ஏற்பாடு வந்துச்சு. 'அன்லிமிடெட்'னு பெரிசாப் போட்டு, கீழ எறும்பு சைஸ்ல 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை'ன்னு போடுவாங்க பாருங்க, அதுதான். பில் ஷாக் போய் ஆமை ஷாக்! 2013-ல பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகம் 512 கே.பி.பி.எஸ். ஆச்சு. லிமிட் தாண்டின பிறகும் வீட்டு பிராட்பேண்டை அந்த 512-க்குக் கீழ இறக்கக்கூடாதுன்னு ட்ராய் 2016-ல உத்தரவு போட்டுச்சு. 2023 ஜனவரியில அந்தக் குறைந்தபட்ச அளவு 2 எம்.பி.பி.எஸ். ஆச்சு. ஆமாங்க, 2008-ல நான் தெருவுல தலையைத் தூக்கிட்டு நடந்த அதே ரெண்டு! இப்ப அதுக்குக் கீழ இருந்தா பிராட்பேண்ட்னு பேரே சொல்லிக்க முடியாது.

நீங்க மொபைல் பேக்குல தினம் ஒண்ணரை ஜி.பி. போட்டுட்டு 'பத்தலடா'ங்கிறப்ப எனக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அது ஒரு மாசம். ஆனா அதுலயும் ஒரு பொறி இருக்கு. அந்தக் கோட்டா முடிஞ்சதும் பல பேக்குகள்ல வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கிடும். எட்டால வகுங்க. விநாடிக்கு 8 கே.பி.! ஒரு 5 எம்.பி. ஃபோட்டோவுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல. அதை 'அன்லிமிடெட்'னு சொல்றதுக்கு ஒரு தனி தைரியம் வேணும். நாளைக்குக் கடைசித் தேதின்னு ராத்திரி பதினொண்ணரைக்கு அசைன்மென்ட்டை அனுப்ப உக்காருறவங்க, அன்னிக்கு எத்தனை ரீல்ஸ் பார்த்தோம்னு ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

கடைசித் தேதின்னதும் ஞாபகம் வருது. 2021, கொரோனா நேரம். நானும் ஊர்ல இருந்தே வேலை பார்த்துட்டு இருந்தேன். வீட்ல 40 எம்.பி.பி.எஸ். ஃபைபர். சித்தப்பா பொண்ணு, எங்க தங்கச்சி, அவங்க வீட்ல நெட் சரியில்லைன்னு செமஸ்டர் பரீட்சை எழுத எங்க வீட்டுக்கு வந்திருந்தா. வீட்லயே பேப்பர்ல எழுதி, ஃபோட்டோ புடிச்சு, பி.டி.எஃப். ஆக்கி, குறிச்ச நேரத்துக்குள்ள ஏத்தணும். முதல் பரீட்சை. 24 பக்கம். அமைதியா இருக்கட்டும்னு பின்னாடி ரூம்ல உக்கார வச்சிருந்தோம். நேரம் முடிய அரை மணி இருக்கும்போது "அண்ணா... போகவே மாட்டேங்குது"ன்னு அழுதுக்கிட்டே ஓடி வந்தா.

பார்த்தா, பக்கத்துக்கு 4 எம்.பி. வீதம் 96 எம்.பி. ஃபைல். அந்த ரூம்ல டெஸ்ட் போட்டா டவுன்லோட் 3, அப்லோட் 0.6. 40-க்குக் காசு கட்டுறோம்! 0.6-ல 96 எம்.பி. ஏத்த இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுவும் நடுவுல அறுந்தா முதல்ல இருந்து. அறுந்துதான் அவ அழுதுட்டு இருந்தா. ஹாலுக்கு இழுத்துட்டு வந்து, ரூட்டர்ல ஒயரை நேரா லேப்டாப்ல சொருகினேன். 38 வந்துச்சு, ரெண்டு பக்கமும். இருந்தும் ஏறல. அதே நேரத்துல அத்தனை பேரும் அந்த சர்வர் கதவைத் தள்ளிட்டு இருந்தாங்க. அப்ப அப்பா பின்னாடி நின்னுக்கிட்டு, "மூட்டையைச் சின்னதாக் கட்டுனா என்ன?"ன்னார். அட! ஸ்கேன் ஆப்ல கறுப்பு வெள்ளையா மாத்தினோம். 96 எம்.பி. 9 ஆச்சு. ஏழு நிமிஷம் பாக்கி இருக்கும்போது 'பதிவேற்றப்பட்டது'ன்னு வந்துச்சு. தங்கச்சி அப்பாவோட கையைப் புடிச்சு அழுதா. அவரோ கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

அன்னிக்குச் சாயங்காலம் அப்பா என் ஃபோனைக் கேட்டு வாங்கினார். அப்ப அவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷம். ஸ்பீடு டெஸ்ட் எப்படிப் போடுறதுன்னு கத்துக்கிட்டு, வீட்ல ஒவ்வொரு இடமா நின்னு, நோட்டுல எழுதினார். ஹால் 39. சமையல்கட்டு 11. சாமி ரூம் 4. மாடிப்படி 22. பின்ரூம் 3. கிணத்தடியில 6 வந்தது அவருக்கே ஆச்சரியம். "பின்ரூமை விட கிணத்தடி பரவால்லையே... நடுவுல என்ன இருக்கு?" நடுவுல இருந்தது பாட்டி காலத்து இரும்பு பீரோ! கம்பெனிக்காரர் வந்தப்ப 'பார்க்க அசிங்கமா இருக்கு'ன்னு ரூட்டரை அதுக்குப் பின்னாடி வைக்கச் சொன்னது நான்தான். இரும்பைத் தாண்டி வைஃபை போகாதுன்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவனுக்குத் தோணல. பீரோ மேல தூக்கி வச்சதும் பின்ரூம் 19 ஆச்சு. மறுநாள் பரீட்சைக்குத் தங்கச்சி ரூமை மாத்தவே இல்ல.

நீங்களும் பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க. ரூட்டர்ல ஒயரைச் சொருகி ஒரு தடவை, நீங்க உக்காருற இடத்துல வைஃபைல ஒரு தடவை. ஒயர்லயே குறைஞ்சா கம்பெனிகிட்ட சண்டை போடுங்க, உரிமையோட போடுங்க. ஒயர்ல சரியா இருந்து வைஃபைல குறைஞ்சா சண்டை பீரோகூட. சாயங்காலம் ஒன்பது மணிக்கும் விடியக்காலை ஆறு மணிக்கும் ஒரே இடத்துல டெஸ்ட் போடுங்க. ராத்திரி மட்டும் பாதியாச்சுன்னா தெருவே ஒரே குழாயில தண்ணி புடிக்குதுன்னு அர்த்தம். ரூட்டர்ல ரெண்டு பேர்ல வைஃபை தெரிஞ்சா, 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துல நல்லா ஓடும், சுவரைக் கண்டா சோர்ந்துடும். 2.4 மெதுவாப் போனாலும் ரெண்டு ரூம் தாண்டி வரும், ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் அதுலதான் இருப்பாங்க. சும்மா 100-ல இருந்து 200-க்கு மாறி மாசம் முன்னூறு ரூபாய் கூடக் கட்டுறவங்களைப் பார்த்தா, எனக்கு அந்த 2,412 ரூபாய் பில்தான் கண்ணு முன்னாடி வருது.

அப்பா இன்னும் அந்தக் கணக்கை நிறுத்தல. இப்ப வீட்ல 100 எம்.பி.பி.எஸ்., மாசம் 3,300 ஜி.பி. அதையும் ஒருநாள் பென்சில்ல போட்டுப் பார்த்தார். முழு வேகத்துல ஓடினா மூணு நாள்ல தீர்ந்துடும்னு கண்டுபிடிச்சு, "குடம் கொஞ்சம் பெருசாயிருக்கு"ன்னார். ஒவ்வொரு மாசமும் கடைசித் தேதி ராத்திரி ஆப்பைத் திறந்து காட்டச் சொல்வார். போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப நோட்டைப் பார்த்தேன். 'செலவு 412 ஜி.பி. மீதி 2,888'னு எழுதி, மீதியில அடிக்கோடு போட்டிருந்தார். கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்பா, இவ்வளவு மிச்சம் இருக்கே... இதை அடுத்த மாசத்துக்கு வரவு வைக்க மாட்டானா?"